ஆடிட்டுக்கு மட்டும் திறக்கிற பொம்மை அலமாரி

1. பத்தரை மணிக்கு வந்த ஜெபராணி

"அக்கா, எம்பிள்ளைய மந்தம்னு எழுதிட்டாவக்கா."

இப்படிச் சொல்லிக்கிட்டேதான் ஜெபராணி கிரெச்சுக்குள்ள வந்தா. மணி பத்தரை. எட்டரைக்கெல்லாம் அவ மிஷின்ல உக்காந்திருக்கோணும். அன்னைக்கு பெர்மிஷன் போட்டுட்டு, நாலு வயசுப் பையன் ஜெரினைப் பள்ளிக்கூட இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா.

தெரியாதவங்களுக்குச் சொல்லிப்போடறேன். திருப்பூர்ல பெரிய பனியன் கம்பெனின்னா, வேலைக்கு வர்ற பொம்பளைங்களோட குழந்தைகளைப் பார்த்துக்க ஒரு ரூம் வெக்கோணும். அதுதான் கிரெச். நான் அங்க ஆயா. பேரு ஈஸ்வரி. அதுக்கு மின்னாடி அதே கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல பதினோரு வருஷம் நின்னேன். முழங்கால் போனதும் கிரெச்சுக்கு மாத்தினாங்க. இப்ப ரிட்டயர் ஆகி ஊட்டுல இருக்கறேன். ஆனா நடந்ததை நெனச்சா இன்னமும் பத்திக்கிட்டு வருது. கிரெச் வேலைக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்னுதான் எழுதறேன்.

ஜெபராணி ஓவர்லாக் டெய்லர். தூத்துக்குடிப் பக்கம் ஊரு. சத்தமாப் பேசி நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் கத்தினாக்கூட "சரிங்க சார்"னுட்டு தைக்கிறவ. அவதான் அன்னைக்கு நின்னபடியே கொட்டித் தீர்த்தா.

"ஆறு மரக்கட்டையைக் குடுத்தாவக்கா. மேடம் முதல்ல ஒரு மாதிரி அடுக்கிக் காட்டினாவ. இதே மாதிரி செய்னாவ. இவன் ஒரு கட்டையை எடுத்து மோந்து பாக்கான். அப்புறம் யானைப் படம், நாலு துண்டாக் கெடந்துச்சு. சேருன்னு சொன்னா, தும்பிக்கையைத் தலைகீழா வெச்சு அழுத்துதான், அழுத்துதான், திருப்பிப் போடத் தெரியலக்கா. அட்மிஷன் பாரத்துல 'ஸ்லோ'ன்னு எழுதி அடியில கோடும் போட்டுட்டாவ. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாவளாம்."

"அதுலயும் தேறலீன்னா?"

"ஜூன்ல கிரெச்சுலயும் இடமில்லியே. ஊருல எங்கம்மாகிட்ட விட்டுரலாம்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லுதாக. அவனை விட்டுட்டு நான் எப்படிக்கா இருப்பேன்?"

நாலரை வயசு முடிஞ்சா கிரெச்சுல வெக்கக் கூடாதுங்கிறது எங்க கம்பெனி ரூல். ஆறு மணி வரைக்கும் குழந்தையை வெச்சிருந்து, வேன்ல கொண்டாந்து விடற பள்ளிக்கூடம் எங்க ஏரியாவுல அது ஒண்ணுதான். அங்க சீட்டு இல்லீன்னா, ஒண்ணு அவ வேலையை விடோணும், இல்லீன்னா பையனை விடோணும்.

அவளை மிஷினுக்கு அனுப்பிட்டுத் திரும்பினேன். பின்னால கண்ணாடி அலமாரி. மூணாவது தட்டுல யானைப் படப் பஸில். அச்சு அசல் அதே யானை. மேல சுத்தின பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கலை.

2. சாவி எச்.ஆர். கிட்ட

அந்த அலமாரியில என்ன இல்லைங்கிறீங்க? மரக்கட்டை ரெண்டு செட்டு, பஸில் ஏழு, நடுவுல எழுத்து வெட்டி, ஒண்ணோட ஒண்ணு கோத்துத் தரையில விரிக்கிற ஃபோம் அட்டை, வளையம் மாட்டற கம்பி, எல்லாம் இருந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் போட்டுக் கதவுல ஒட்டியிருந்தாங்க. பூட்டும் போட்டிருந்தாங்க.

துணி வாங்கற வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து கம்பெனியைச் சோதிக்க ஆள் வருவாங்க. அதுக்குப் பேரு ஆடிட். ஆடிட் நேரத்துல எச்.ஆர். மேனேஜர் வந்து பூட்டைத் திறந்து, பொம்மையை வரிசையா பாயில வெப்பாரு. குழந்தைங்க சுத்தி உக்காரோணும், தொடக் கூடாது. போட்டோ எடுப்பாங்க. ஆடிட்டர் காரு கேட்டைத் தாண்டினதும் எண்ணிப் பார்த்து உள்ள வெச்சுப் பூட்டிருவாரு.

மத்த நாளெல்லாம் டி.வி. காலையில ஒம்போதுக்குப் போட்டா சோத்து நேரத்துல நிறுத்துவேன். தூங்கி எந்திரிச்சா மறுக்கா போடுவேன். பதினெட்டுக் குழந்தைங்க, நான் ஒருத்தி. கார்ட்டூன் ஓடினா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். "ஈஸ்வரியக்கா கிரெச்சுல சத்தமே வராது"ன்னு நல்ல பேரு வேற. அந்தப் பேரை வாங்கிக்கிட்டு அஞ்சு வருஷம் நானும் சும்மா இருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் நேரா எச்.ஆர். ரூமுக்குப் போனேன்.

"சார், அலமாரி சாவி வேணுங்க."

"எதுக்குங்க அக்கா? ஆடிட் ஏப்ரல்லதானுங்க."

"குழந்தைங்க விளையாடத்தானுங்க."

அவரு சிரிச்சாரு. நல்ல மனுசன்தான். சம்பளத்துல பிடிக்க மாட்டாரு, எரிஞ்சு விழ மாட்டாரு. ஆனா அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கலை.

"ஏனுங்க அக்கா, வெளையாடக் குடுத்தா ஒரு வாரத்துல பாதி தொலைஞ்சு போயிரும். ஒரு துண்டு காணோம்னாலும் அந்த பஸிலே வேஸ்ட். லிஸ்ட்ல இருக்குறது ரூம்ல இல்லீன்னா ஆடிட்டர் குறைன்னு பாயிண்ட் எழுதிருவாங்க. பத்திரமா இருக்கட்டுமுங்க."

"குழந்தைக்கு வாங்கினதைக் குழந்தை தொடாம என்னத்துக்குங்க பத்திரம்?"

"இந்த வயசுல இதெல்லாம் என்னங்க தெரியப் போகுது? ஸ்கூல் போனா சொல்லிக் குடுத்துருவாங்க."

பள்ளிக்கூடத்துக்காரி கட்டையைக் குடுத்து, தெரியலேன்னா ஸ்லோங்கிறா. இவரு கட்டையைப் பூட்டி வெச்சுக்கிட்டு, அங்க போய்த் தெரிஞ்சுக்கட்டும்ங்கிறாரு. நடுவுல அந்தப் பொடியன் எங்க போவான்? கேட்டேன். ஃபோன் வந்துச்சு, எடுத்துக்கிட்டாரு.

3. பழைய அட்டை

கட்டிங் செக்‌ஷன்ல நான் பார்த்தது மார்க்கர் வேலை. ஒரு டீ-ஷர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, காலர்னு அட்டையில வெட்டி வெச்சிருப்போம். அதுதான் பேட்டர்ன். அதையெல்லாம் துணி அகலத்துக்குள்ள இண்டு இடுக்கு விடாம அடுக்கிக் கோடு போடறதுதான் மார்க்கர். இப்பப் பெரிய ஆர்டருக்கெல்லாம் கம்ப்யூட்டர்தான். சின்ன ஆர்டருக்கு இன்னமும் அட்டைதான். கையைத் திருப்பினா எங்க உக்காரும், கவுத்துப் போட்டா வலது கை இடது கையாயிருமா, இதெல்லாம் மண்டைக்குள்ளயே ஓடோணும். ரெண்டு கையும் ஒரே பக்கமா வெட்டிப்போட்டா லாட்டே போச்சு. பி.காம். படிச்சிட்டு வந்த பையனுங்க அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறதைப் பார்த்திருக்கறேன். அறிவில்லாம இல்லை. ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்து வளர்ந்த கையா இல்லை.

ஆர்டர் முடிஞ்ச பேட்டர்ன் அட்டையெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகும். கட்டிங் மாஸ்டர்கிட்டச் சொல்லி ஒரு கட்டு வாங்கினேன். குழந்தைங்க சைஸ் அட்டையாப் பொறுக்கி, முனையெல்லாம் கத்தரியில உருட்டி, தரையில டேப் ஒட்டி ஒரு நீளக் கட்டம் போட்டேன். "இதுதான் துணி. எல்லா அட்டையும் இதுக்குள்ள படுக்கோணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. வெளிய கால் நீட்டக் கூடாது" அவ்வளவுதான் சொன்னேன். டி.வி. பிளக்கைப் புடுங்கினேன்.

மொத நாலு நாள் ஒரே ரகளை. அட்டையைக் கிழிச்சாங்க, தலையில தொப்பியா வெச்சாங்க, அடிச்சுக்கிட்டாங்க. பக்கத்துல தைச்ச துணியைச் சரிபார்க்கற செக்கிங் டேபிள்ல இருந்து "என்னக்கா, சந்தைக்கடையாட்டம் இருக்குது"ன்னு கம்ப்ளெயிண்ட். சத்தம் போட்டாத்தான் குழந்தை, போய் வேலையைப் பாரு கண்ணுன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டாம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கிட்டாங்க. அதுல பிங்கின்னு ஒரு வாயாடி. பீகார்க்காரக் குழந்தை. அவதான் அத்தனை பேருக்கும் சூப்பர்வைசர். எவனாவது அட்டையைக் கவுத்து வெச்சா "உல்ட்டா! உல்ட்டா!"ன்னு கத்துவா. நம்ம பிள்ளைங்க "ஓரத்துல வெய்யி, மூலைக்குத் தள்ளு"ம்பாங்க. ஒரு மாசத்துல தமிழ்க் குழந்தை உல்ட்டாங்குது, பிங்கி "மூலை, மூலை"ங்கிறா. நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலைங்க. பக்கத்துல உக்காந்து, "ஏன் கண்ணு, அந்த இடுக்குல எது போகும்?"னு கேக்கறதோட சரி.

ஜெரின் கடைசியிலதான் வந்தான். பத்து நாள் சுவத்தோட ஒட்டி நின்னு, இருட்டுன டி.வி.யையே பார்த்துக்கிட்டு இருந்தான். அதைப் பார்க்கறப்ப எனக்கு என் மேலயே கோவம் வந்துச்சு. பொறவு ஒருநாள் சட்டைக் கை அட்டை ஒண்ணை எடுத்தான். இடுக்குல வெச்சான், போகலை. அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிங்கி கையை ஓங்கிக்கிட்டு வந்தா, நான் தடுத்தேன். அவனே எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பி, கவுத்துப் போட்டான். உக்காந்துச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அடுத்த அட்டையை எடுத்துட்டான்.

அதுக்கப்புறம் அவனை அங்கிருந்து கிளப்பறதே பெரும்பாடு. ரெண்டு மாசம் போச்சு. ஒருநாள் ஜெபராணி சொன்னா, "அக்கா, சட்டையை முன்ன பின்ன பாத்து அவனே போடுதான். செருப்பும் கால் மாறாமப் போடுதான்."

4. சைல்டு லேபர்

ஆடிட்டுக்கு மொத நாள் சாயங்காலம் எச்.ஆர். சாவியோட வந்தாரு. கதவைத் திறந்தவரு அப்படியே நின்னுட்டாரு. தரையில பதினெட்டுக் குழந்தைங்களும் பேட்டர்ன் அட்டையை அடுக்கிக்கிட்டு இருக்குது.

"அய்யோ! என்னங்க அக்கா இது? சைல்டு லேபர்!"

"என்னங்க?"

"குழந்தைங்க கையில பேட்டர்ன் குடுத்திருக்கறீங்க! ஆடிட்டர் பார்த்தா குழந்தைங்கள வெச்சு மார்க்கர் போடறோம்னு எழுதுவாங்க. ஆர்டரே கேன்சல் ஆயிரும். இத்தனை குடும்பத்து வேலை போயிரும், தெரியுமுங்களா?"

சொல்றதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க ஊருல அந்த வார்த்தைக்கு அத்தனை பயம். ஆனா அதைச் சொல்லிக்கிட்டே, குழந்தைங்க கையில இருந்து ஒவ்வொரு அட்டையாப் புடுங்கி மூட்டையில போட்டாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. பிங்கி தரமாட்டேன்னு புரண்டா. தரையில ஒட்டின டேப்பைக்கூட உரிச்சு எடுத்தாரு.

"சார், நாளைக்குப் பொம்மையைத் தொடக் கூடாதும்பீங்க. இன்னைக்கு அட்டையையும் தொடக் கூடாதுங்கிறீங்க. அப்பக் குழந்தை எதைத்தானுங்க தொடறது?"

"ஒருநாள் பொறுங்க அக்கா. டி.வி. போடுங்க."

மறுநாள் பதினோரு மணிக்கு ஆடிட்டர் வந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு, சென்னையில இருந்து. பொம்மையெல்லாம் பளபளன்னு வரிசையா இருக்குது. குழந்தைங்க கையைக் கட்டி உக்காந்திருக்குது. அந்தப் பொண்ணு ஜெரின் முன்னால குத்த வெச்சு, "நீ இதுல எது வெளையாடுவ?"ன்னு கேட்டா.

அவன் பொம்மைப் பக்கமே திரும்பலை. டிபன் பைக்குள்ள கைய விட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். சட்டைக் கை. மூட்டையில போகாமத் தப்பினது. மேல ஸ்டைல் நம்பர், சைஸ், பையர் பேரு எல்லாம் மார்க்கர் பேனாவுல கொட்டை எழுத்துல இருக்குது. அதை வெட்டி எடுத்துட்டுக் குடுக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லை. பதினோரு வருஷம் பார்த்த எழுத்து, கண்ணுக்கே தெரியலை. அது என் தப்பு.

எச்.ஆர். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அது... எப்படியோ வந்திருக்குதுங்க மேடம், கட்டிங் வேஸ்ட்..."

"குழந்தைகிட்ட புரொடக்‌ஷன் பேட்டர்ன் எப்படி வந்துச்சு?"

"நான் குடுத்தேனுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். எச்.ஆர். கண்ணைக் காட்டினாரு. நான் நிறுத்தலை. "இங்க வரிசையா இருக்குதே, இந்தப் பொம்மையில ஒண்ணைக்கூட இந்தக் குழந்தைங்க தொட்டதில்லைங்க. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு வெளிய எடுத்து வெச்சிருக்குது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன், திறக்கலை. அதனால பழைய அட்டையைக் குடுத்தேன். வேலை வாங்கலை, விளையாட விட்டேன். நம்பலீன்னா அந்த ஃபோம் அட்டையைத் தூக்கிப் பாருங்க."

அந்தப் பொண்ணு தூக்கிப் பார்த்தா. ஃபோம் அட்டை ஃபேக்டரியில அச்சு வெட்டினபடியே இருக்குது. நடுவுல இருக்கற எழுத்தெல்லாம் ஓரத்துல ஒட்டிக்கிட்டு, ஒருத்தரும் அழுத்தி வெளிய எடுக்காம அப்படியே. வாங்கி ஆறு வருஷம். அவ விரலால ஒரு எழுத்தை அழுத்தினா, 'டப்'புன்னு வந்துச்சு. குழந்தைங்க அத்தனையும் கழுத்தை நீட்டிக்கிட்டுப் பார்த்துச்சு.

அவ ரெண்டும் எழுதினா. பேட்டர்ன் குழந்தை கையில இருந்ததும் பாயிண்ட், பொம்மையைப் பூட்டி வெச்சதும் பாயிண்ட். சரி செஞ்சு வாராவாரம் போட்டோ அனுப்போணும்னு சொல்லிட்டுப் போனா. அடுத்த நாள் அலமாரிப் பூட்டு கழண்டுச்சு. என்னையும் கழட்டினாங்க. "கிரெச் வேண்டாமுங்க, செக்கிங்ல உக்காருங்க"ன்னாரு எச்.ஆர். என் மூஞ்சியைப் பார்க்காமயே. சரின்னு போய் உக்காந்தேன். பக்கத்து ரூம்ல இருந்து கட்டை சரியற சத்தம் கேட்டுச்சு, அது போதும்னு இருந்துச்சு.

5. எழுதினதை அடிங்க

ரெண்டு வாரம் கழிச்சு பள்ளிக்கூடத்துல மறு இன்டர்வியூ. நானும் லீவு போட்டுட்டு ஜெபராணி கூடப் போனேன். வழியெல்லாம் அவ பையனோட கையை விடவே இல்லை.

பிரின்ஸிபால் மேடம் அதே ஆறு கட்டையை எடுத்து அடுக்கிக் காட்டிக் கலைச்சாங்க. ஜெரின் ஒரு தடவை பார்த்தான், அடுக்கினான். கடைசிக் கட்டை கொஞ்சம் கோணலா இருந்துச்சு, அதையும் தட்டிச் சரி பண்ணினான். அப்புறம் பஸில். இந்தத் தடவை மீன் படம், ஆறு துண்டு. அதுல ஒரு துண்டு கவுந்து கெடந்துச்சு. வேணும்னே வெச்சாங்களோ, தானா விழுந்துச்சோ தெரியாது. அவன் அதை எடுத்து அந்தம்மாகிட்டயே நீட்டி, "இது உல்ட்டா கெடக்கு"ன்னு சொல்லிட்டு, திருப்பிப் போட்டு முடிச்சுட்டான்.

ஜெபராணி வாயைப் பொத்திக்கிட்டா. அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா?

"நல்லா ட்ரெயினிங் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. இது நேச்சுரல் எபிலிட்டி இல்ல."

எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிருச்சு. "ஏனுங்க மேடம், முடியலீன்னா குழந்தை மந்தம், முடிஞ்சா எங்க தில்லுமுல்லா? மொத தடவை இங்க வர்றதுக்கு மின்னாடி இவன் இந்த மாதிரிக் கட்டையைத் தொட்டதே இல்லீங்க, உங்க மேசையிலதான் மொதல்ல பார்த்தான். மூணு மாசம் விளையாடினான். வசதியான ஊட்டுக் குழந்தைங்க பொறந்ததுல இருந்து ஊட்டுல விளையாடிட்டு வருதுங்க. அவங்களைக் கேப்பீங்களா, ட்ரெயினிங் குடுத்தீங்களான்னு?"

மேடம் டிராயரைத் திறந்தாங்க. அப்புறம், "சரி, சீட் தர்றோம். ஃபார்ம் ஃபில் பண்ணுங்க"ன்னு ஒரு புதுப் பாரத்தை நீட்டினாங்க.

நான் எந்திரிச்சுட்டேன். ஜெபராணி எந்திரிக்கலை.

"பழைய பாரம் எங்க மேடம்?"

"அது ஃபைல்ல இருக்கும். எதுக்கு?"

"எடுங்க."

"அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மா. இதான் இனிமே..."

"நாளைக்கு இவன் ஒண்ணாங்கிளாஸ் போவான். ஒரு கணக்குத் தப்பாப் போட்டா டீச்சர் அந்தப் பாரத்தைத்தான் எடுத்துப் பாப்பாவ. நீங்கதான எழுதினீங்க? நீங்களே அடிங்க. அடிச்சுக் கையெழுத்துப் போடுங்க. போட்டாத்தான் நான் இதுல எழுதுவேன்."

குரல் ஒசரவே இல்லை. ஆனா அவ அப்படிப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். மேடம் பெல்லை அடிச்சு ஃபைலைக் கொண்டாரச் சொன்னாங்க. அந்த 'ஸ்லோ'வை அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க. ஜெபராணி அதை ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் பேனாவை எடுத்தா.

கிரெச் வேலைக்கு வர்ற பிள்ளைங்களே, உங்களுக்கு நான் சொல்றது இதுதான். மொத நாளே அலமாரிச் சாவியைக் கேளுங்க. குடுக்கலீன்னா காலி நூல் கோன், அட்டைப் பெட்டி, டப்பா மூடி, எது கிடைக்குதோ அதைக் குழந்தைங்க கையில குடுங்க. ஸ்டைல் நம்பரை மட்டும் வெட்டிப்போடுங்க. அடுக்கட்டும், சரியட்டும், சண்டை போடட்டும். உங்க ரூம்ல சத்தமே வரலீன்னு யாராவது பாராட்டினா, அந்தப் பாராட்டை வாங்கிக்காதீங்க.

அன்னைக்கு ஊட்டுக்கு வர்ற பஸ்ஸுல ஜெபராணி என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீங்க இல்லேன்னா..."ன்னு ஆரம்பிச்சா. "வாயை மூடு"ன்னுட்டேன், கொஞ்சம் கடுப்பாவே. அவளுக்கு ஏன்னு புரிஞ்சிருக்காது. அந்த மேடம் ஒரு பிள்ளைக்கு 'ஸ்லோ'ன்னு எழுதினதை, நின்னு அடிக்க வெச்சுட்டு வந்தோம். அதுக்கு மின்னாடி அஞ்சு வருஷம், டி.வி. ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு நான் எத்தனை பிள்ளைக்கு எழுதினேனோ, அதையெல்லாம் யாரு போய் அடிக்கிறது?